கவிழ்ந்த வண்டியைத் தூக்குபவருக்கு யார் பாடம் எடுப்பது?

புனேயிலிருந்து நாசிக்குக் கிளம்பும் நெடுஞ்சாலை, நாசிக் பாட்டா என்ற சந்திப்பில் பழைய மும்பைச் சாலையை விட்டுப் பிரிகிறது. அங்கிருந்து சாகண் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆலைகளில் ஷிஃப்ட் மாறும் வேளையில் இந்தத் தூரத்தைக் கடக்க வேண்டுமானால் கையில் முதலில் இருக்க வேண்டியது பொறுமை. முன்னால் போவது புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர்; பக்கத்தில் இரும்புச் சுருள் சுமந்த லாரி; பின்னால் ஹாரனிலிருந்து கையை எடுக்காத கம்பெனி பஸ். எம்.எச். 12, எம்.எச். 14 என்ற உள்ளூர் எண்களுக்கு நடுவே நாமக்கல்லின் டி.என். 28, சங்ககிரியின் டி.என். 52 எண்களும் தலைகாட்டும். தமிழ்நாட்டு லாரிக்காரர்களுக்குப் பழகிய பாதை இது.

இப்படிப்பட்ட சாலையில் ஒரே ஒரு லாரியின் கிளட்ச் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும். சில நிமிடங்களில் வரிசை அடுத்த சந்திப்பைத் தொட்டுவிடும். பைக்குகள் மண் ஓரத்தில் இறங்கும். அப்போது எல்லோரும் எதிர்பார்ப்பது, முன்னால் நீண்ட கை வைத்த மஞ்சள் நிற ஹைட்ரா கிரேனை. டீக்கடை ஓரம், பெட்ரோல் பங்க், எடைமேடை என்று இடம் கிடைத்த இடத்தில் அது நிற்கும். பக்கவாட்டில் செல்பேசி எண் பெரிதாக எழுதியிருக்கும். சாகண் வழியெங்கும் கண்ணை இழுப்பவை கார் ஆலைகளின் மதில்கள்தான் என்றாலும், அந்த ஆலைகளின் சரக்கு நிற்காமல் ஓடுவது இந்தக் கிரேன்காரர்களின் தயவில்.

ஹைட்ரா அடிப்படையில் ஆலை வளாகத்து இயந்திரம். கெட்டியான சமதளத்தில் பாரத்தைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நகர்வதற்காக உருவானது. கை நீள நீள அதன் தூக்கும் திறன் குறையும். திரும்பும்போது வண்டியின் உடம்பு நடுவில் மடங்குவதால் இன்னும் குறையும். கொக்கியில் தொங்கும் பாரம் ஆடத் தொடங்கினால் கிரேனே சாய்ந்துவிடும். அந்த இயந்திரத்தைத்தான் சாலையோரச் சரிவில், மழையில் ஊறிய மண்ணில், நள்ளிரவில் நிறுத்தி, சரக்கோடு கவிழ்ந்த லாரியை நிமிர்த்தச் சொல்கிறார்கள். அவர்களும் செய்துவிடுகிறார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் வடக்கிலும் தெற்கிலும் இந்தத் தொழிலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். உஸ்தாத், அதாவது தொழில் குரு, சொல்லிக் கொடுத்தார்.

உஸ்தாத் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கிளீனராகச் சேரும் பையன் முதலில் சங்கிலி துடைப்பான், பிறகு கொக்கி மாட்டுவான், அப்புறம் கை ஜாடை காட்டுவான். இருக்கையில் உட்கார இடம் கிடைக்கச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் கம்பிவடம் எந்தச் சத்தம் போட்டால் விலகி ஓட வேண்டும் என்பது அவன் உடம்பில் ஏறியிருக்கும். இந்த அறிவைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் உஸ்தாத் கண்ட விபத்துகள் மட்டுமே இந்தப் பாடத்தில் உண்டு. அவர் காணாத வண்டி சாலைக்கு வந்தால், பையனுக்கும் அது புதுசு, உஸ்தாதுக்கும் புதுசு.

நாசிக் பாட்டாவைத் தாண்டியதும் போசரி. சி.ஐ.ஆர்.டி. என்று பஸ் துறையில் எல்லோருக்கும் தெரிந்த மத்தியச் சாலைப் போக்குவரத்து நிறுவனம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. மத்திய அரசும் மாநிலப் போக்குவரத்துக் கழகங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 1967ல் தொடங்கிய இந்த நிறுவனம், நாடெங்கும் உள்ள கழகங்களின் அதிகாரிகளுக்கு வகுப்பு எடுக்கிறது. ஊரின் மறுபக்கம் கோத்ரூடில், வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. 1966 முதல் இயங்குகிறது. அதன் இன்னொரு மையம் சாகணிலேயே உள்ளது. வண்டியை வடிவமைக்க, சோதிக்க, ஓட்ட, பஸ் கழகத்தையே நடத்தக் கற்றுக்கொள்ள இந்த வட்டாரத்தில் வாசல்கள் உண்டு. நின்றுபோன வண்டியை அகற்றும் வேலை மட்டும் பரம்பரைத் தொழில் மாதிரி கைமாறிக் கொண்டிருக்கிறது.

சட்டத்துக்கு இந்தத் தொழில் தெரியாது என்று சொல்ல முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், தடை செய்த இடத்தில் நிறுத்திய வண்டியையும் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரியின் உத்தரவின் பேரில் இழுத்துச் செல்லலாம் என்கிறது. செலவு வண்டிக்காரர் தலையில். 1989ல் வந்த சாலை விதிகள் இன்னும் நுணுக்கமாகப் பேசின. இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் அறிவிப்பு வேண்டும். 2017ல் புதிய ஒழுங்குமுறைகள் அந்த விதிகளின் இடத்துக்கு வந்தன. கயிற்றின் நீளமும் எழுத்தின் உயரமும் சட்டத்தில் இடம்பெற்ற அளவுக்கு, கயிறு கட்டுபவரின் படிப்பு இடம்பெறவில்லை. மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலைப் பார்த்தால் இழுவை வண்டி, பிரேக்டவுன் வேன், மீட்பு வாகனம் மூன்றும் ‘போக்குவரத்து அல்லாத வாகனங்கள்’ வரிசையில், மோட்டார் சைக்கிளுக்கும் கேம்பர் வேனுக்கும் கூட்டாளியாக உட்கார்ந்திருக்கின்றன.

இதோடு ஒப்பிட வேண்டியது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆவது விதி. காஸ், அமிலம், வெடிபொருள் போன்ற ஆபத்தான சரக்கை ஏற்றும் லாரியின் ஓட்டுநர் தனிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். முதலில் 3 நாள் வகுப்பு, பிறகு மறுபயிற்சி. அந்த டேங்கர் ஒழுங்காக ஓடும்போது ஓட்டுபவருக்கு இவ்வளவு ஏற்பாடு. அது கவிழ்ந்து கிடக்கும்போது பக்கத்தில் போய்ச் சங்கிலி மாட்டுபவருக்கு இப்படி ஒரு விதி இல்லை.

போசரியைத் தாண்டிய நாசிக் சாலை மோஷியில் இந்திராயணி ஆற்றைக் கடக்கிறது. இதே ஆற்றின் கரையில் சில கிலோமீட்டர் கிழக்கே ஞானேஸ்வரர் சமாதி கொண்ட ஆளந்தி. ஆறு தாண்டியதும் காற்றில் வெங்காய வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்து வரும். சாகண் சந்தை வெங்காயத்துக்குப் பேர்போனது. ஊர் நடுவே இடிந்து கிடக்கும் சங்கிராம துர்க்கம் என்ற தரைக்கோட்டையை 1660ல் முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கான் முற்றுகையிட்டபோது, சிவாஜியின் கோட்டைத் தலைவர் ஃபிரங்கோஜி நர்சாலா இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாக்குப்பிடித்தார். இன்றைய முற்றுகை டிரெய்லர்களுடையது. 2009ல் வோக்ஸ்வாகன் ஆலை திறந்தது. அதே காலத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் பிம்ப்ரியிலிருந்து இங்கே இடம் மாறியது. பஜாஜ் அதற்கு முன்பே வந்துவிட்டது, அடுத்து மகிந்திரா. தளேகாவிலிருந்து ஷிக்ராபூர் போகும் சாலை, நாசிக் சாலையை வெட்டும் தளேகாவ் சௌக்கில் இவர்கள் எல்லோருடைய சரக்கும் முட்டிக்கொள்கிறது.

நெரிசலுக்கு மருந்தாக நாசிக் பாட்டாவிலிருந்து கேட் என்ற ஊர் வரை 30 கிலோமீட்டர் நீளத்துக்கு 8 வழி மேம்பாலச் சாலை அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் 7,827 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பயணிக்கு நல்ல செய்தி. மீட்பு வண்டிக்காரருக்கு அது வேறு கணக்கு. மேம்பாலத்தில் டீக்கடை ஓரம் இல்லை, மண் இறக்கம் இல்லை. ஏறுபாதை வழியாகத்தான் மேலே போக முடியும். வண்டிகள் அடைத்துக் கிடக்கும்போது எதிர்த்திசையிலிருந்து வந்து சேரத் திட்டமும் ஒத்திகையும் வேண்டும். தனி ஆளின் சாமர்த்தியம் அங்கே எடுபடாது.

சாகண் ஆலைகளிலிருந்து வெளியே வரும் வண்டிகளும் மாறிவிட்டன. மெர்சிடிஸ் தன் முதல் உள்நாட்டு மின்சாரக் காரான இ.க்யூ.எஸ்.ஸை 2022ல் இங்கேதான் கோத்து முடித்தது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மகிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களும் சாகண் பிள்ளைகள். அவற்றின் மோட்டார் பின்சக்கரங்களை ஓட்டுகிறது. பழைய பழக்கத்தில் முன்பக்கத்தைக் கொக்கியில் தூக்கிப் பின்சக்கரத்தை உருளவிட்டு இழுத்தால், மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உற்பத்தி செய்யும்; சூடேறி உள்ளுறுப்புகள் கருகலாம். நான்கு சக்கரமும் மேலே ஏறிய நிலையில், தட்டையான மேடை கொண்ட ஃப்ளாட்பெட் லாரியில் கொண்டுபோவதே முறை.

மோதி நசுங்கிய மின்சாரக் கார் என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே ஓடுகிறது, உயர் அழுத்த இணைப்பை எங்கே துண்டிப்பது, துண்டித்த பிறகும் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அடிபட்ட லித்தியம் பேட்டரி அணைந்த மாதிரி இருந்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்து மறுபடி பற்றும். அதனால் இழுத்து வந்த காரை ஷெட்டுக்குள் மற்ற வண்டிகளோடு ஒட்டி நிறுத்தக் கூடாது. திறந்த வெளியில் தனியாக விட வேண்டும். இதில் எதையும் அனுபவத்தால் மட்டும் கற்க முயன்றால், முதல் அனுபவமே கடைசியாகிவிடும் ஆபத்து உண்டு.

டீசல் லாரிக்கும் பாடம் உண்டு. ஏர் பிரேக் லாரியில் காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங்குகள் பிரேக்கை இறுகப் பூட்டிவிடும். வெளியிலிருந்து காற்று கொடுக்க வேண்டும், அல்லது போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்க வேண்டும். அவசரத்தில் அந்த அறையின் வளையத்தைக் கழற்றினால் ஸ்பிரிங் குண்டு போலப் பாயும். இன்ஜின் ஓடாத லாரியைப் பின்சக்கரம் உருள இழுத்துப் போனால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாமல் பல் தேயும்; முதலில் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். இவை நல்ல உஸ்தாதுகள் அறிந்தவை. கணக்கு என்று வரும்போதுதான் பலருக்கும் கண்ணளவு போதாமல் போகிறது.

ஒரு 10 டன் பாரத்தை இரண்டு பெல்ட்டில் தூக்குவதாக வைத்துக்கொள்ளலாம். பெல்ட் இரண்டும் நேர்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் 5 டன் தாங்கும். அவை விரிந்து, தரைமட்டத்துக்கு 30 பாகைக் கோணத்தில் சாய்ந்தால், ஒவ்வொன்றின் மேலும் விழும் இழுவை 10 டன். பாரம் அதேதான், கோணம் மாறியதும் பெல்ட்டின் சுமை இரட்டிப்பாகிவிட்டது. சேற்றில் இறங்கிய லாரிக்கும் இப்படி ஒரு வாய்ப்பாடு உண்டு. சக்கரம் அளவுக்குப் புதைந்தால் இழுக்க வேண்டிய விசை ஏறக்குறைய வண்டியின் எடைக்குச் சமம். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. கேபின் வரை என்றால் மூன்று மடங்கு. 25 டன் லாரி, 75 டன் பிடிவாதம் காட்டும். அப்போது வடத்தைச் சுற்றி இழுக்கும் விஞ்சின் திறன் என்ன என்று தகட்டைப் பார்த்தால் போதாது. தகட்டில் உள்ள எண் உருளையில் வடத்தின் அடி அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். கப்பி ஒன்றை நடுவில் மாட்டினால் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். மாட்டிய இடம் அந்தச் சுமையைத் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. இந்த நான்கைந்து கணக்கும் கரும்பலகையில் ஒரு மணி நேரத்தில் சொல்லித்தரக் கூடியவை.

சாகணிலிருந்து மேற்கே தளேகாவ் வழியாகப் போனால் மும்பை–புனே விரைவுச்சாலை. 2002ல் முழுமையாகத் திறந்த இந்த 94.5 கிலோமீட்டர்தான் நாட்டின் முதல் ஆறு வழி விரைவுச்சாலை. தளேகாவிலிருந்து லோணாவளா வரை சமவெளி. பிறகு கண்டாலா மலைப்பாதை. பழைய சாலையில் ஷிங்ரோபா கோயில் வரும். மலை வழியை ஆங்கிலேயருக்குக் காட்டிக் கொடுத்த இடையர் என்று வட்டாரக் கதை சொல்லும் ஷிங்ரோபாவுக்கு, இறக்கத்தில் இறங்கும் லாரி ஓட்டுநர்கள் இன்றும் காசு போட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். அந்தக் கோயிலுக்கு அருகேதான் 2023 ஏப்ரல் 15 அதிகாலையில் டோல் தாஷா மேளம் வாசிக்கும் இளைஞர்கள் பயணம் செய்த பஸ் பள்ளத்தில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். கயிறு கட்டி இறங்கி மற்றவர்களை மேலே கொண்டுவந்தவர்களில் கோபோலி, லோணாவளா பகுதிகளின் மலையேற்றக் குழுக்களும் உண்டு. லோணாவளாவின் சிவதுர்க் மித்ரா குழு பொழுதுபோக்காகக் கற்ற கயிற்று வித்தையை ஊர்ச் சேவையாக மாற்றிக்கொண்டது. அவர்கள் பாறையில் ஒத்திகை பார்த்துப் பயின்றவர்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்த இரண்டே மாதத்தில், 2023 ஜூன் 13 அன்று, அதே மலைப் பகுதியில் மெத்தனால் டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்தது. எரியும் திரவம் பாலத்திலிருந்து கீழே போகும் சாலையில் கொட்டியது. 4 பேர் உயிரிழந்தார்கள். மெத்தனால் டேங்கரின் பலகையில் 1230 என்ற எண் இருக்கும்; சமையல் காஸ் என்றால் 1075. உலகெங்கும் ஒரே எண். அதைப் படிக்கத் தெரிந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், கிரேன் இன்ஜினை ஓடவிடலாமா கூடாதா என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த விரைவுச்சாலை விபத்துகளை ஆராய்ந்தவர்களில் தமிழ்நாட்டுத் தொடர்பு உள்ளவர்களும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் அலுவலகம் கொண்ட ஜே.பி. ரிசர்ச் இந்தியா 2012 அக்டோபர் முதல் இங்கே விபத்து நடந்த இடங்களுக்கே போய் ஆய்வு செய்தது. 2016ல் சேவ்லைஃப் அறக்கட்டளை, மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகம், நெடுஞ்சாலைப் போலீஸ், மகிந்திரா ஆகியோர் சேர்ந்து உயிரிழப்பு இல்லாத சாலைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2016ல் 151 ஆக இருந்த உயிரிழப்பு 2019ல் 92 ஆகக் குறைந்தது. இந்த ஆய்வுகளில் அடிக்கடி தென்பட்ட காட்சி, ஓரத்தில் நின்ற லாரியின் பின்புறம் வேகமாக வந்த வண்டி மோதுவது. நின்ற லாரியை எவ்வளவு சீக்கிரம் அப்புறப்படுத்துகிறோமோ அவ்வளவு உயிர் மிஞ்சும். மீட்பு வண்டி இங்கே ஆம்புலன்ஸுக்கு முன்னால் வர வேண்டிய வண்டி.

மீட்கப் போனவரும் அதே மோதலுக்குப் பலியாகலாம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 2011 முதல் 2016 வரையிலான கணக்கைப் பார்த்தது. இழுவை வண்டித் தொழிலில் ஒரு லட்சம் முழுநேரத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 42.9 மரணம். தனியார் துறை முழுவதற்கும் சராசரி 2.9. பெரும்பாலான மாநிலங்களில், ஓரத்தில் இழுவை வண்டி வேலை செய்தால் பக்கத்துத் தடத்துக்கு விலகிப் போக வேண்டும் என்று சட்டம் இருக்கும் நாட்டின் நிலைமை இது.

அந்த நாட்டில்தான் இந்தத் தொழிலின் வரலாறும் தொடங்குகிறது. 1916ல் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில், ஓடைக்குள் கவிழ்ந்த நண்பரின் ஃபோர்டு காரை மேலே கொண்டுவர எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ்காரருக்கு ஆறு ஆட்களும் கயிறும் 8 மணி நேரமும் தேவைப்பட்டன. வெறுத்துப்போன அவர் பழைய காடிலாக் காரின் மேல் கம்பமும் கப்பியும் சங்கிலியும் பொருத்தி இழுவை வண்டி செய்தார். இன்று அதே ஊரில் இந்தத் தொழிலுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பணியில் இறந்தவர்களின் பெயர் பொறித்த சுவரும் இருக்கிறது. 1979ல் அமைந்த இழுவைத் தொழில் சங்கம் இலகு ரகம், கனரகம், கனரக மீட்பு என்று மூன்று படிகளில் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. 1991ல் தொடங்கிய ரெக்மாஸ்டர், வண்டியைக் கவிழ்த்துப் போட்டு நிமிர்த்தச் சொல்லிக் களத்திலேயே பயிற்சி தருகிறது. பிரிட்டனில் வாகன மீட்பு நிறுவனம் என்ற தொழில் அமைப்பு பயிற்சிப் பாடங்களைத் தொகுத்திருக்கிறது. மீட்பு வண்டிகளுக்கு பாஸ் 43 என்ற தரநிலை உண்டு. சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் பழுதாகும் வண்டியை அரசின் மீட்புக் குழு காசு வாங்காமல் அருகிலுள்ள குறிப்பிட்ட வாகன நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

தமிழ்நாட்டுக்கும் கவிழ்ந்த டேங்கர் பக்கத்து வீட்டுச் செய்தி இல்லை. 2025 ஜனவரி 3 அதிகாலையில், கொச்சியிலிருந்து 18 டன் சமையல் காஸ் ஏற்றி வந்த டேங்கர், கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. காஸ் கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சினார்கள். சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கிரேன்கள் வந்து தூக்கி அப்புறப்படுத்தும்வரை நகரின் நெஞ்சுப்பகுதி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்தது. எண்ணெய் நிறுவன வல்லுநர்களும் மாவட்ட நிர்வாகமும் கூட நின்ற நகரத்துப் பாலத்தில் அது சாத்தியமானது. தருமபுரி தொப்பூர் கணவாயின் இறக்கத்தில், 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரி மோதித் தலா 4 பேர் இறந்த இடத்தில், இரவு 2 மணிக்கு ஒரு டேங்கர் கவிழ்ந்தால் முதலில் வந்து நிற்பவர் பக்கத்து ஊர்க் கிரேன்காரராகத்தான் இருப்பார்.

பயிற்சி என்பது இரும்பும் கயிறும் மட்டும் இல்லை. 2021 ஆகஸ்டில் புனே நானா பேட்டில், பைக்காரர் மேலே உட்கார்ந்திருக்க அவரது பைக்கை டோயிங் வண்டி அந்தரத்தில் தூக்கிய காட்சி நாடெங்கும் பரவியது. 2017 நவம்பரில் மும்பை மாலாடில், பின் இருக்கையில் ஒரு தாய் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த காரையே இழுத்துப் போனார்கள். போக்குவரத்துக் காவலர் பணியிடைநீக்கம் ஆனார். வண்டிக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது, தூக்குவதற்கு முன் அறிவிப்பது, எங்கே கொண்டுபோகிறோம் என்று எழுதி வைப்பது, கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுப்பது ஆகியவற்றைப் பாடமாக வைத்திருந்தால் இந்த இரண்டு சம்பவங்களும் நடந்திருக்காது.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் ஓட்டுநர் முதலில் கூப்பிடுவது முதலாளியை. ‘அண்ணே, கிரேன்காரரு ரொம்பக் கேக்குறாரு’ என்று தொடங்கும் பேரம், இருட்டில், ஓடும் சாலையின் ஓரத்தில் நடக்கும். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற இலவச எண் இதற்காகவே இருக்கிறது. சுங்கச் சாலைகளில் ரோந்து வண்டியும் கிரேனும் அந்த அழைப்புக்கு வர வேண்டும். கட்டணப் பலகை வைத்த, சான்றிதழ் பெற்ற மீட்புக்காரர் என்ற வகை உருவானால் இந்தப் பேரமும் மெல்லக் குறையும்.

சாகணைச் சுற்றி அதற்கு வேண்டியவை எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வகுப்புக்கு போசரி நிறுவனம், சோதனைக்கு ஏ.ஆர்.ஏ.ஐ., மின்சாரக் காரின் உள்விவரம் சொல்ல அவற்றைச் செய்யும் ஆலைகளே, மலைச்சரிவுப் பயிற்சிக்குக் கண்டாலா. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. பழுத்த உஸ்தாதுகளை ஆசிரியர்களாக உட்கார வைத்து, பெல்ட்டின் கோணம், விஞ்சின் கணக்கு, டேங்கரின் எண், ஆரஞ்சுக் கேபிள், சாலையோரத்தில் நிற்கும் முறை, வண்டிக்காரரிடம் பேசும் முறை என்று பாடம் வகுத்தால் ஒரு வாரம் போதும். காஸ் டேங்கர் ஓட்டுநருக்கு 9ஆவது விதி கேட்கும் 3 நாள் பயிற்சியையும் மறுபயிற்சியையும், அந்த டேங்கரைத் தூக்குபவருக்கும் நீட்டிக்கச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியில் ஒரு திருத்தம் செய்தால் போதுமானது.

அதுவரை வாசகர்கள் செய்யக் கூடியது இது. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் நான்கு விளக்கையும் மின்னவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் வெகுதூரத்தில் வைத்து, எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நின்று 1033ஐ அழையுங்கள். வண்டி ஆட்டோமேட்டிக்கா, மின்சாரமா, எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்பதை வருபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்; மின்சாரக் கார் என்றால் ஃப்ளாட்பெட் கேளுங்கள். ஓரத்தில் ஒருவர் சங்கிலி மாட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு விலகிப் போங்கள்.